ஒரே வாளி

உவர்மலை. இரவு பதினொன்றே முக்கால்.
ஜெனரேட்டர் இருமி ஓய்ந்து மறுபடி எழுகிறது.
வங்கக் கடலில் தாழமுக்கம்.
காலையில் போனவை நூற்றிப் பதின்மூன்று வள்ளங்கள்.
கரை தொட்ட ஒவ்வொன்றுக்கும்
துறையடி எழுதுவினைஞர் ஒரு கோப்புப் போடுகிறார்.
கோப்பின் பெயர்தான் வள்ளத்தின் பெயர்.
அடைவைத் திறந்து, பெயர்களை வாசித்து,
யார் வந்தார் யார் வரவில்லை என்று சொல்வது
நான் சி-யில் எழுதிய நிரல்.
நான்கு த்ரெட். அவசரம் என்பதால் நான்கு.

நூற்றிப் பன்னிரண்டு கோப்பு.
நூற்றிப் பன்னிரண்டு வரி.
எண்ணிக்கை சரியாக இருந்ததால்
எவரும் கவனிக்கவில்லை:
'நீலக்குயில்' இரண்டு தரம் கரைக்கு வந்திருந்தது.
'தவமணி-3' ஒருதரமும் வரவில்லை.

திருக்கடலூரில் இருந்து யோகறாணி எடுத்தார்.
'எங்கட பேர் இருக்கோ பாருங்கோ.'
பார்த்தேன்.
இல்லை என்று சொல்ல
எனக்கு ஒரு மிடறு தண்ணீர் வேண்டியிருந்தது.

ரீட்டிர் பெயரைத் தருவதில்லை.
பெயர் இப்போது இருக்கும் இடத்தைத் தருகிறது.
அடுத்த அழைப்பில் அதே இடத்தில்
வேறொரு பெயர் வந்து குந்திக்கொள்ளும்.
இடத்தைப் பிடித்துக்கொண்டு
ஆளைப் பிடித்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

பூட்டுப் போட்டேன்.
வாசிக்க முன் பூட்டி, வாசித்ததும் திறந்து.
மறுபடி ஓட்டினேன்.
இம்முறை 'நீலக்குயில்' ஒன்றுதான்,
'சங்குமுகம்' இரண்டு.

முஃபீதா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.
'போன வெள்ளி கன்னியாவில என்ன நடந்தது?
ஒரு கிணறு, ஒரு வாளி.
நீங்க அள்ளிக் கட்டில வச்சிட்டுத் தலைமுடி கட்டினீங்க.
நான் அதக் கவிழ்த்துப்போட்டு வேற அள்ளினேன்.
நீங்க ஊத்தினது என்ட தண்ணி.'
சூடு ஒன்றுதானே, அன்று தெரியவில்லை.
'அள்ளும்போது பூட்டுறீங்க,
குடத்தில ஊத்த முதல் திறக்கிறீங்க.'

ஏழு கிணறு, ஏழு வாளி என்றால் சண்டையில்லை;
ஆனால் நான்கு த்ரெட்டும் தனித்தனியே அடைவைத் திறந்தால்
நான்கும் முழுப் பட்டியலையும் வாசிக்கும்,
ஒவ்வொரு வள்ளமும் நான்கு தரம் கரை சேரும்.
வால் எழுத்தோடு ஓர் உடன்பிறப்பும் உண்டு, ரீட்டிர்-ஆர்:
பாத்திரம் நீ கொண்டுவா என்னும்,
எத்தனை கொள்ளும் என்று கேட்காது.
தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட்,
கொம்பும் காலும் சேர்ந்தால் ஆறு.
'திருக்கோணேஸ்வரி அம்பாள் துணை' போன்றவர்கள்
அங்கே வழிந்து
பக்கத்து நினைவகத்தை நனைப்பார்கள்.
கையேடே அதைக் கைவிடச் சொல்கிறது.

ஆகவே:
பூட்டு.
எர்நோவைச் சுழியமாக்கு.
வாசி.
பெயரை எழுத்தெழுத்தாகப் பிரதி எடு.
பிறகு திற.

சுழியம் ஏன் என்றால்
கடைசியில் ரீட்டிர் வெறுமையைத் தரும்.
அந்த வெறுமைக்கு இரண்டு பொருள்:
முடிந்தது,
முறிந்தது.
எர்நோ இன்னும் சுழியமாய் இருந்தால்தான்
முடிந்தது.

ஓட்டினேன்.
'தவமணி-3', இரவு ஒன்பது நாற்பது.
யோகறாணியை அழைத்தேன்.
'அவர் அப்பவே வந்து, குளிச்சிட்டுப் படுத்திட்டார் பிள்ள.
உங்கட லிஸ்ட்டில மட்டும்தான் கடலுக்க நிண்டவர்.'
வெளியே தெருவிளக்கின் கீழ் மான் ஒன்று
சோற்றுப் பார்சல் தாளைச் சுவைத்துக்கொண்டிருந்தது.
சிரித்தேன், சத்தமாக.

முஃபீதா சிரிக்கவில்லை.
நூற்றிப் பன்னிரண்டு வரி,
இரட்டிப்பு ஒன்றுமில்லை.
காலைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே
கீழே போனாள்.
'அல் பஹ்ர்', கிண்ணியா.
அவளுடைய ஊர்.

பூட்டைப் பார்த்தேன். பிரதியைப் பார்த்தேன்.
எர்நோவைப் பார்த்தேன்: சுழியம்.
பிழை ஒன்று இருந்தால் தேவலை என்று
வாழ்க்கையில் முதல்தடவை விரும்பி
இன்னொருதரம் ஓட்டினேன்.

அவள் இலக்கத்தை அழுத்துகிறாள்.
மணி போகிறது.